பிறவிக் குணம் மாறுமா?

பறவைக்குப் பறத்தல் எப்படி இயல்போ, அப்படியே மனிதனுக்கும் தொழிலும் ஒழுக்கமும் பிறப்பிலேயே அமைந்தவை. அவற்றை மாற்ற இயலாது என்று நம் நாட்டிற் பலர் வாதிப்பர். இவ்வாதத்தை ஒரு பறவையைக் கொண்டே ஆராய்வோம்.

அமூர் வல்லூறு புறாவினும் சிறியது. எடை ஏறத்தாழ 150 கிராம். கிழக்குச் சைபீரியா, மங்கோலியா, வடசீனம் ஆகிய இடங்களிற் கோடையில் குஞ்சு பொரிக்கிறது. பகல் குறுகத் தொடங்கியதும் அதன் உடலில் மாறுதல் உண்டாகிறது. குளிர் வந்தால் இரையாகிய பூச்சிகள் கிடையா. தங்கினாற் சாவு, புறப்பட்டால் வாழ்வு. அக்டோபர் மாதத்தில் இலட்சக்கணக்கில் நாகாலாந்தில் இறங்கி, ஈசல்களைத் தின்று உடலிற் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கிறது. பின்னர் இந்தியாவைக் கடந்து, அரபிக் கடலின்மேல் இரவும் பகலும் இளைப்பாறாது பறந்து, ஆப்பிரிக்காவின் தென்பகுதியை அடைகிறது. வசந்தத்தில் மீள்கிறது. போக வர 20,000 கிலோமீட்டருக்கு மேலாகும்.

போவதா, தங்குவதா என்று அது ஆலோசிப்பதில்லை. பருவம் அழைக்கிறது, அது செல்கிறது. ஆகவே அதனிடத்தில் புண்ணியமும் இல்லை, பாவமும் இல்லை. பறவையளவில் அவ்வாதம் மெய்யே.

அது இறங்கும் இடத்து மனிதனைப் பார்ப்போம். நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கக் கரையில் 2012ஆம் ஆண்டு வலை விரித்து இலட்சத்துக்கு மேற்பட்ட வல்லூறுகளைக் கொன்றனர் என்று மதிப்பிடப்பட்டது. அவற்றை விற்ற பணம் ஏழைகளின் அடுப்பை எரித்தது. ஆயினும் செய்தி வெளிப்பட்டபின், பாங்தி முதலிய கிராமத்தார் கூடி அவ்வேட்டையை விலக்கினர். அவர்களிற் பெரும்பாலோர் கிறிஸ்தவர். அவர்களுடைய திருச்சபையும் துணை நின்றது. 2013இல் அங்கே வல்லூறு வேட்டை நின்றது. வலை விரித்தவர்களிற் சிலரே காவலராயினர்.

ஓராண்டில் பறவையின் வழி மாறவில்லை; மனிதனின் வழி மாறிற்று. அங்குலிமாலன் மாறியதும் இவ்வாறே. அவர்களுடைய பிறப்பு மாறவில்லை, எண்ணம் மாறிற்று. பகவான் புத்தர் கன்மத்துக்கு மூலமாகக் காட்டியது எண்ணத்தையே அன்றோ? வலையைக் கைவிட்டவன் வருமானத்தையும் கைவிட்டான் என்பதை நாம் மறத்தலாகாது. அவனுக்கு வேறு நல்ல பிழைப்புக் காட்டாது சீலம் மட்டும் போதித்தல் தன்மமாகாது.

பிறப்பு விதித்ததை மனிதன் விலக்கலாம் என்றே அண்ணல் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் தீட்சை ஏற்றுக் காட்டினார். நாமும் அவ்வழி வந்தோம். ஆனால் மக்களுக்கு வரன் தேடும் காலம் வந்ததும் உட்சாதி வினவுவோமாயின், பருவம் அழைத்ததும் பழைய இடத்துக்குத் திரும்பும் பறவைக்கும் நமக்கும் வேற்றுமை யாது? பறவைக்கு அது குற்றமன்று. நமக்கோ அது குற்றமே.