தண்டியடிகளின் கயிறு

செங்கம் சாலையில், அக்னி லிங்கத்தைத் தாண்டி ரமணாசிரமம் போகும் வழியில், ஒரு கட்டடத்தின் முன்னால் தரையில் மஞ்சள் பெயின்டில் சக்கர நாற்காலிப் படம் வரைந்திருக்கிறார்கள். வரைந்தவருக்கு நல்ல கை. சக்கரம் பிசகில்லாத வட்டம். போன மார்கழியில் ஒரு நாள் அந்த வட்டத்தின் மேல் பன்னிரண்டு தண்ணீர் கேன்கள் நின்றன. கேன்களுக்குக் காவலாக ஒரு புல்லட்.

“அஞ்சே நிமிஷம் டீச்சர், இதோ எடுத்துடறேன்” என்றார் கேன் போடும் தம்பி. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. என் வீட்டுக்கும் அவர்தான் கேன் போடுகிறார், சமையலறை வரை தூக்கிவந்து கவிழ்த்துவிட்டுப் போவார். நான் என் மூணு சக்கர வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். (ஸ்கூட்டரின் பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் பொருத்தியது. எண்ணிப் பார்த்தால் நான்கு சக்கரம். ஊர் ஏனோ மூன்றோடு நிறுத்திக்கொண்டது.) மார்கழி, தை என்றால் இந்தச் சாலையில் வெளிநாட்டுக்காரர்கள், ஐயப்ப பக்தர்கள், ஆட்டோக்கள், சாதுக்கள் எல்லாம் ஒரே ஓடையாக ஓடும். ஓரத்தில் நிற்பவர்களை அந்த ஓடை உரசிக்கொண்டு போகும்.

பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். ஆசிரமத்துக்குப் பல வருஷமாக வந்துபோகிறவர். அன்பாகத்தான் சொன்னார்: “நீங்க படிச்சவங்க. இந்த உடம்பு நீங்க இல்லேன்னுதானே பகவான் சொல்லியிருக்கார்? அப்புறம் வண்டி எங்க நின்னா என்னம்மா?”

அப்போது பதில் வரவில்லை. ராத்திரி படுக்கையில் வந்தது. அதற்குப் பிறகும் வந்துகொண்டே இருக்கிறது.

எனக்கு அந்த வாக்கியம் புதிதில்லை. 1901, 1902 வாக்கில் விருபாட்ச குகையில் பேசாமல் இருந்த, பின்னாளில் ரமணர் என்றும் பகவான் என்றும் அழைக்கப்பட்ட ஓர் இளைஞரிடம், வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை சில கேள்விகளைக் கேட்டார். இளைஞர் எழுதிக்காட்டிப் பதில் சொன்னார். ‘நான் யார்?’ என்ற சின்ன நூல் அப்படிப் பிறந்தது. உடம்பு நான் இல்லை, புலன்கள் நான் இல்லை, மூச்சும் நான் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போகும் நூல். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்த எனக்கு அதன் நடைமீது ஒரு தனி மோகம். ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியாது.

அதை நான் நம்புகிறேன். நம்புகிறேன் என்பதைவிட, கொஞ்சம் ருசி பார்த்திருக்கிறேன். சுவரில் சாய்ந்து இருபது நிமிஷம் கண்மூடி இருந்தால் என் வலது கால் போய்விடும். ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் கொண்டுபோய் மிச்சம் வைத்த கால் அது, மூங்கில் குச்சி மாதிரி. அந்த இருபது நிமிஷத்துக்கு அது நல்ல கால் ஆவதில்லை. கெட்ட காலாகவும் இருப்பதில்லை. காலே இல்லை. பிறகு மயில் ஒன்று அகவும், கண் திறப்பேன், எழுந்திருப்பேன், வெளியே வந்து சாலையில் எதிர்ப்படும் ஏதோ ஒரு கடையின், ஏதோ ஓர் அலுவலகத்தின் முதல் படி முன்னால் நிற்பேன். ஏழு அங்குலம். அந்தப் படி என்னை “நீ யார்?” என்று கேட்பதே இல்லை. “நீ கால்” என்று தீர்ப்பே சொல்லிவிடுகிறது.

பெரியவர் அதே படியில் பேசிக்கொண்டே ஏறிப்போவார். படி இருந்ததே அவருக்குத் தெரியாது. படியை மறப்பதுதான் ஞானம் என்றால் திருவண்ணாமலையில் முக்கால்வாசிப் பேர் ஞானிகள். உடம்பு சொன்னபடி கேட்கிறவர்களுக்கு உடம்பு நான் இல்லை என்று சொல்வது சுலபம், வாடகை பாக்கி இல்லாதவர் வீட்டுக்காரரை மறந்திருப்பது போல. எனக்கு மாதாமாதம் அவர் வந்து கதவைத் தட்டுகிறார். சாய்தளம் கேட்பவள் உடம்பைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள் என்று பெரியவர் நினைக்கிறார். அந்தத் தொங்கலை விட்டுவிடத்தான் கேட்கிறேன்.

என் அம்மா இதையெல்லாம் யோசித்தவள் இல்லை. என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பௌர்ணமி தவறாமல் மலையைச் சுற்றினாள். பதினான்கு கிலோமீட்டர், வெறுங்கால். எனக்குக் கால் வரவேண்டும் என்று. வழியில் ஒரு கதை சொல்வாள். ரமணரே சொன்னதாக ஆசிரமத்து நூல்களில் அது இருப்பதைப் பின்னால் படித்தேன். முடவர் ஒருவர் கட்டைகளை ஊன்றிக்கொண்டு மலையைச் சுற்றிவருகிறார். குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டோம், ஊரைவிட்டே போய்விடலாம் என்று ஒரு நாள் நினைக்கிறார். வழியில் ஓர் இளைஞர் வந்து, இது உனக்கெதற்கு என்று கட்டைகளைப் பிடுங்கி எறிகிறார். பார்த்தால் கால்கள் நேராக நிற்கின்றன.

அம்மாவுக்கு இந்த இடத்தில் குரல் கம்மும். எனக்குப் பயமாக இருக்கும். யாராவது வந்து கட்டையைப் பிடுங்கி, கால் நேராகாமல் போய்விட்டால்? ஒன்பது வயதில் வேலூரில் அளவெடுத்துக் காலிப்பர் வாங்கினார்கள். இரும்புக் கம்பி, தோல் பட்டை, கனத்த பூட்ஸ். நான் சுவரைப் பிடிக்காமல் நாலு அடி வைத்தேன். மலை கொடுக்காததை ஒரு பட்டறைக்காரர் கொடுத்துவிட்டார் என்று சந்தோஷப்படுவதா, மலைதான் பட்டறைக்காரராக வந்தது என்பதா? அம்மா இரண்டாவதைப் பிடித்துக்கொண்டாள். நான் அவளோடு சண்டைக்குப் போகவில்லை.

அந்த பூட்ஸ்தான் பிறகு எனக்குப் பெரிய சமயப் பிரச்சினையாயிற்று. ஒரு கோயிலில் (ஊர் பெயர் வேண்டாம்) வாசலில் இருந்தவர் காலைப் பார்த்துவிட்டு, “செருப்பைக் கழட்டிட்டு வாம்மா” என்றார். கழற்றினால் பூட்ஸ் மட்டும் வராது, கம்பியும் பட்டையும் சேர்ந்து வரும், அப்புறம் நான் உள்ளே தவழ்ந்துதான் போகவேண்டும். இது செருப்பு இல்லை என்றேன். “பின்ன என்ன?” என்றார். நேர்மையான கேள்வி. செருப்பா, காலா? உடம்பு நான் இல்லை என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். இந்த ஆணியும் தோலும் உன் உடம்பு இல்லை என்று இன்னொரு பக்கம். அப்படியானால் உடம்பு எங்கே முடிகிறது? சக்கர நாற்காலியில் வருகிறவரின் சக்கரம் தெருவில் உருண்டதுதான். அது அசுத்தம் என்றால் அவர் எதைக் கழற்றி வைப்பார்? காளத்தியில் கண்ணப்பர் இலிங்கத்தின் மேலேயே செருப்புக் காலை வைத்தார். அவரை நாயனாராக்கிக் கோயிலுக்குள் நிறுத்திவிட்டு, என்னை வாசலில் நிறுத்துகிறோம். அன்றைக்கு வாசலிலிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். இப்போது பல கோயில்களில் சக்கர நாற்காலி வைத்திருக்கிறார்கள், சோளிங்கர் மலைக்கே 1,305 படியைத் தாண்டி ரோப் கார் போகிறது. காலம் நகர்ந்திருக்கிறது. வாசலில் அந்தக் கேள்வி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

பெரியபுராணத்தில் எனக்குப் பிடித்தவர் தண்டியடிகள். வகுப்பில் இவரைப் பற்றிச் சொல்ல வேண்டிய நேரத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். திருவாரூர்க் குளம் தூர்ந்துபோவதைக் கேட்டு, தானே தோண்டி அகலப்படுத்தத் தொடங்கினார். எப்படி? குளத்துக்குள் ஒரு கம்பு, கரையில் ஒரு கம்பு நட்டார். இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்குவார், மண்ணை வெட்டிக் கூடையில் எடுப்பார், கயிற்றைத் தடவிக்கொண்டே ஏறுவார். சமணர்கள் கேலி செய்தார்கள், கூடையையும் மண்வெட்டியையும் பிடுங்கினார்கள், கம்பைப் பறித்தார்கள். பிறகு இறைவன் அருளால் அவருக்குக் கண் கிடைத்தது, கேலி செய்தவர்களுக்குப் பார்வை போனது என்று கதை முடியும். அந்த முடிவில் இருக்கும் சமயப் பகை எனக்கு உவப்பில்லை. கண் கிடைத்த அதிசயமும் என்னை அவ்வளவாக அசைப்பதில்லை. என் மனம் அந்தக் கயிற்றிலேயே நின்றுவிடுகிறது. கண் வருகிறவரை அவர் காத்திருக்கவில்லை. நல்ல கண்காரர்கள் உதவட்டும் என்றும் உட்காரவில்லை. குளத்தையே கைக்குத் தெரிகிற மாதிரி மாற்றிக்கொண்டார். ரயில் நிலையங்களில் இன்று மஞ்சள் நிறத்தில் புடைப்புக் கோடு போட்ட தளம் பதிக்கிறார்களே, அதன் முப்பாட்டன் இந்தக் கயிறு. கம்பைப் பறித்தவர்களுக்குத் தண்டனை என்று சேக்கிழார் எழுதிவைத்ததை, புல்லட் நிறுத்துகிறவர்களிடம் சொல்லலாமா என்று சில நாள் தோன்றுவதுண்டு.

நம் பக்திக் கதைகள் பெரும்பாலும் முடவர் நடந்தார், குருடர் பார்த்தார் என்று முடிகின்றன. நடக்காமலே, பார்க்காமலே எழுபது வயது வரை இருந்து செத்துப்போகிறவர்களுக்குக் கதை குறைவு. அப்படி ஒரு கதையைத் தேடித்தான் ஆசிரமத்து நினைவுக் குறிப்புகளைப் புரட்டுவேன். ஒன்று கிடைத்தது. ரமணருக்குக் கடைசிக் காலத்தில் முழங்காலில் வாதம். தடி ஊன்றித்தான் நடப்பார், சோபாவில் காலை நீட்டித்தான் உட்கார முடியும். ஒரு நாள் ஐரோப்பியப் பெண்மணி ஒருவர், சம்மணம் போட்டுப் பழக்கமில்லாதவர், ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்தார். பணியாள் போய், பகவான் முன்னால் காலை நீட்டக் கூடாது, மடக்குங்கள் என்றார். பார்த்துக்கொண்டிருந்த ரமணர் உடனே தன் காலையும் மடக்கிக்கொண்டார். அன்பர்கள் நீட்டச் சொல்லிக் கெஞ்சியும் கேட்கவில்லை. அவருக்கு ஒரு விதி, எனக்கு ஒரு விதியா என்பதுதான் அவர் பக்கம்.

அந்தப் பெண்மணியின் வலியை அவர் தீர்க்கவில்லை. அந்த விதி எவ்வளவு வலிக்கிறது என்பதை விதியைக் காப்பாற்றியவர்கள் எல்லோரும் பார்க்கும்படி, தன் முழங்காலில் வைத்துக் காட்டினார். உடம்பு நான் இல்லை என்று சொன்னவர் பிறர் முழங்காலை அப்படித்தான் எடுத்துக்கொண்டார். தன் உடம்பு விஷயத்தில் அந்த வாக்கியத்தைத் தனக்குச் சொல்லிக்கொள்ளலாம். இன்னொருவர் உடம்பைப் பார்த்து அதைச் சொன்னால், அதே வாக்கியம் சோம்பேறித்தனமாகிவிடுகிறது. பெரியவருக்கு இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

சட்டம் இவ்வளவு சுற்றிவளைப்பதில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை விதிகள் வந்து 5 ஆண்டுகளுக்குள் சரிசெய்யச் சொன்னது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கணக்கு நீங்களே போடலாம். ராஜீவ் ரதூரி என்ற பார்வையற்றவர் 2005-ல் தொடுத்த பொதுநல வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் இந்த அளவுகளையெல்லாம் பரிந்துரை என்று விட்டுவைக்காமல் கட்டாயமாக்க வேண்டும் என்றது. அளவுகளும் ஒன்றும் ரகசியம் இல்லை. ஓர் அடி உயரத்துக்கு 12 அடி சாய்வு. அந்தக் கணக்கில் என் ஏழு அங்குலப் படிக்கு ஏழு அடி சாய்தளம் வேண்டும். பல இடங்களில் இரண்டடியில் முடித்துவிட்டு சாய்தளம் என்கிறார்கள். அதில் ஆடு ஏறும். வண்டி நிறுத்துமிடம் 3.6 மீட்டர் அகலம், வாசலிலிருந்து 30 மீட்டருக்குள். அத்தனை அகலம் எதற்கு என்று கேட்பார்கள். கார்க் கதவை முழுக்கத் திறந்து, சக்கர நாற்காலியை ஒட்டி நிறுத்தி, உடம்பை அதிலிருந்து இதற்கு மாற்றுவதற்கு.

சென்னை மெரினாவில் சக்கர நாற்காலி அலைவரை போக 2022 நவம்பரில் மரப்பாதை திறந்தார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதைப் பெயர்த்தது, பிறகு பழுதுபார்த்தார்கள். கடலை வாழ்நாள் முழுக்கத் தூரத்திலிருந்தே பார்த்தவர்கள் கையை நீட்டி அலையைத் தொட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அது கோயிலா, தரிசனமா என்றெல்லாம் எனக்கு விளக்கத் தெரியாது. டிவியை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நான் மலை சுற்றுவது வண்டியில். பௌர்ணமியன்று வண்டி நுழையாது, நுழையவும் கூடாது, லட்சம் கால்களுக்கு நடுவில் என் சக்கரத்துக்கு என்ன வேலை. சாதாரணச் செவ்வாய்க்கிழமை விடிகாலை நாலரைக்குக் கிளம்புவேன். எம லிங்கத்துக்கிட்டே பூ விற்கும் பாட்டி ஒருத்தி, “வண்டியில சுத்துனா பாதி பலன்தான்” என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வாள். “அந்தப் பாதியே எனக்குச் செலவழிக்கத் தெரியல பாட்டி” என்பேன். குபேர லிங்கத்துக்கு அருகே இடுக்குப் பிள்ளையார் இருக்கிறார். குறுகிய துவாரம், ஒருக்களித்துப் படுத்து ஊர்ந்துதான் மறுபக்கம் வரமுடியும். நல்ல காலோடு, நல்ல தோளோடு வந்தவர்கள் அதில் மாட்டிக்கொண்டு, “கையைப் பிடி, காலை மடக்கு, மூச்சை விடு” என்று உள்ளேயும் வெளியேயும் கத்துவதை நான் வண்டியில் உட்கார்ந்து பார்ப்பேன். வாசல் பத்தாதபோது தனக்கு ஓர் உடம்பு இருப்பது எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. வெளியே வந்ததும் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு அது ஒரே ஓர் இடுக்கு.

சுற்றி முடித்துத் திரும்பும்போது எங்கள் தெருமுனை டீக்கடையில் நிறுத்துவேன். அங்கேயும் ஒரு படிதான், ஒன்பது அங்குலம். இரண்டு வருஷமாக டீ சாலைக்கு வந்தது. ஒரு நாள் கடைக்காரர் சென்ட்ரிங் பலகை ஒன்றைப் படியிலிருந்து தரைக்குச் சாய்த்து, வழுக்காமல் இருக்க அதன்மேல் பழைய சாக்கை ஆணியடித்துவிட்டார். நானும் உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தேன். ராத்திரி எடுத்து உள்ளே வைப்பார், காலையில் போடுவார். ஒரு வாரம் நான் காய்ச்சலில் போகவில்லை. திரும்பிப் போனபோது பலகை அங்கேயே இருந்தது, நாலு பக்கமும் ஆணியோடு.

“நீங்க வரலேன்னு நடுவுல எடுத்துட்டேன் டீச்சர்” என்றார். “காஸ் சிலிண்டர் போடற பையன் கத்தறான். வாக்கர் வச்சுக்கிட்டு வருவாரே அந்த வெள்ளைக்காரச் சாமி, வாசல்லயே நின்னுட்டு ஒண்ணுமே பேசாமத் திரும்பிட்டாரு. பால்காரர் ஒரு கேனைக் கவுத்துட்டாரு. எதுக்கு வம்புன்னு அடிச்சே வச்சுட்டேன்.”

அவர் டீ ஆற்றிக்கொண்டே பேசினார். நான் சர்க்கரை கம்மி என்று சொல்ல மறந்துவிட்டேன்.