‘லாம்’ என்னும் ஓரெழுத்து

கொடுப்பது அறம் என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. கொடுத்த பொருளின் மீதுள்ள நம் பிடியை விட்டுவிடுவதும் அந்த அறத்தின் ஒரு பகுதி என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். கொடுத்த பின்னரும் அது நம்முடையதே என்பது போல, அதை எப்படிச் செலவிட வேண்டும் என்று கட்டளையிடுகிறோம். முதுமையாலோ உடற்குறையாலோ பிறர் துணையின்றி வாழ இயலாதவர்கள் விஷயத்தில் இந்த மறதி மேலும் பெரிதாகிறது. அவர்களுக்கு வேண்டியது இன்னது என்று நாமே முடிவு செய்து கொடுப்பதா? அதற்குரிய பணத்தை அவர்கள் கையில் கொடுத்து, முடிவை அவர்களிடமே விட்டுவிடுவதா? அலுவலர்கள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்காக இது தோன்றலாம். ஆழ்ந்து நோக்கின், மார்க்கம் கற்றோரும் ஆராய வேண்டிய வினாவே இது.

இவ்வினாவை அரசின் முன் நிறுத்திப் பல்லாண்டு வாதாடியவர்கள் பிரிட்டனின் உடற்குறையுடையோர். அந்நாட்டில் 1948இல் இயற்றப்பட்ட தேசிய உதவிச் சட்டம், அத்தகையோரின் நலம் பேணும் பொறுப்பை உள்ளாட்சி மன்றங்களிடம் ஒப்படைத்தது. அது நன்மையே. ஆனால் பணிவிடைக்குப் பதிலாகப் பணம் கொடுக்கலாகாது என்றும் அச்சட்டம் தடுத்தது. அனுப்பப்படும் பணியாளர் யார், அவர் எத்தனை மணிக்கு வருவார் என்பதையெல்லாம் மன்றமே முடிவு செய்தது. பணியாளர் மாலையிலேயே வந்துவிட்டால், உறக்கம் வராவிட்டாலும் அப்போதே படுக்கைக்குச் செல்ல வேண்டியதுதான். வீட்டில் துணையில்லாதோர்க்குக் காப்பகமே கதி.

ஹாம்ப்ஷயரில் லெ கோர்ட் என்னும் காப்பகத்தில் வாழ்ந்த சிலர், 1979இல் ‘பிராஜெக்ட் 81’ என்ற பெயரில் ஒரு முயற்சியைத் தொடங்கினர். ஊனமுற்றோர்க்கான பன்னாட்டு ஆண்டாக 1981ஐ ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருந்தமையால் அப்பெயர் அமைந்தது. அவர்கள் புதிதாகச் சலுகை எதுவும் கேட்கவில்லை. காப்பகத்தில் தங்களை வைத்திருப்பதற்கு ஆகும் தொகையைத் தங்களுக்கே கொடுத்தால், ஊருக்குள் சொந்த வீட்டில் குடியிருந்து, தமக்கு ஏற்ற துணையாளரைத் தாமே அமர்த்திக்கொள்வோம் என்றனர். நேரே கொடுப்பதைச் சட்டம் தடுத்ததால், இடையில் ஒரு நிறுவனத்தை வைத்து அப்பணம் அவர்களைச் சேர்ந்தது. 1988இல் கடும் உடற்குறையுடையோர்க்கெனச் சுதந்திர வாழ்வு நிதி ஒன்றை மத்திய அரசே ஏற்படுத்தியது. 1996இல் நேரடிப் பணம் வழங்குவதற்கான சட்டம் நிறைவேறி, மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. ஆயினும் 65 வயதைக் கடந்தோர்க்கு அவ்வாய்ப்பு முதலில் மறுக்கப்பட்டு, 2000இல்தான் கிடைத்தது. உதவிக்குத் தகுதியுடைய ஒவ்வொருவருக்கும் உரிய தொகை இவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்ல வேண்டும் என்பதை இங்கிலாந்தின் 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம் கடமையாக்கியது.

இவ்வரலாற்றை அறிந்தபோது, மதரஸாவில் ஓதிய பாடமொன்று நம் நினைவுக்கு வந்தது. திருமறையின் ‘தவ்பா’ அத்தியாயத்தில் அறுபதாம் வசனம், ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரை எடுத்துரைக்கிறது. அங்கே ஏழைகளைக் குறிக்கும் ‘ஃபுகரா’ என்ற சொல்லின் முன் ‘லாம்’ என்ற ஓரெழுத்து நிற்கிறது. நம் தமிழில் ‘கு’ என்னும் நான்காம் வேற்றுமை உருபு செய்யும் பணியை அது செய்யும். ‘உடைய’ என்னும் பொருளையும் தரும். ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் அதை உடைமையைக் காட்டும் லாமாகவே கொண்டனர். ஹனஃபி மத்ஹபின் அறிஞர்களோ, ‘தம்லீக்’, அதாவது பெறுபவரை உரிமையாளராக்குதல், ஸகாத்தின் இன்றியமையாத அம்சம் என்றனர். ஏழை ஒருவரை வீட்டுக்கு அழைத்து, ஸகாத்தின் நிய்யத்துடன் வயிறார உண்ணச் செய்தாலும் ஸகாத் நிறைவேறாது. அதே உணவை அவர் கையில் ஒப்படைத்து உடைமையாக்கினால் நிறைவேறும் என்பது அவர்களின் தீர்ப்பு. விருந்தில் அமர்ந்தவர் உண்ண மட்டுமே முடியும். உரிமை பெற்றவரோ உண்ணலாம், விற்கலாம், தம் பிள்ளைக்கு எடுத்துச் செல்லலாம். இவ்விரண்டு நிலைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடக்கத்தான் பிரிட்டனின் உடற்குறையுடையோர் அத்தனை ஆண்டுகள் போராடினர்.

பணத்தைக் கையில் கொடுத்தால் வீணாக்கிவிட மாட்டார்களா என்று கேட்போர் உண்டு. இக்கேள்வியை நம் முன்னோர் ஒதுக்கிவிடவில்லை. பேதையரிடம் செல்வத்தை ஒப்படைக்க வேண்டாம் என்று ‘அந்நிஸா’ அத்தியாயம் கூறுவதை எடுத்துக்கொண்டு, ஊதாரியின் கொடுக்கல் வாங்கலைத் தடை செய்யலாமா என்று விரிவாக ஆராய்ந்தார்கள். தடை செய்யலாம் என்றார் இமாம் ஷாஃபிஈ (ரஹ்). இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவர்களான இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மத் இருவரும் அவ்வாறே கூறினர். ஹனஃபி மத்ஹபின் ஃபத்வாவும் மாணவர் கருத்தையொட்டியே அமைந்தது. ஆனால் பருவமடைந்த, அறிவுத் தெளிவுடைய ஒருவர் ஊதாரியாயினும் அவரைத் தடை செய்தலாகாது என்றே இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கருதினார்கள். அதற்கான காரணத்தை ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டின் அறிஞர் மர்கீனானீ தம் ‘ஹிதாயா’ நூலில் விளக்குகிறார். ஒருவருடைய அதிகாரத்தைப் பறிப்பது அவருடைய மனிதத் தன்மையையே பாழாக்கி அவரைக் கால்நடையோடு சேர்ப்பதாகும். பொருள் வீணாவதைவிட அக்கேடு கொடியது என்பதே அவ்விளக்கத்தின் சாரம்.

இங்கே ஒன்றை நாம் உற்றுநோக்க வேண்டும். இந்த விவாதம் முழுவதும் ஊதாரியைப் பற்றியது. நடக்க முடியாதவர், பார்வையற்றவர், தள்ளாடும் முதியவர் ஆகியோரை இந்தக் கூண்டில் ஏற்றியவர் யார்? காலின் தளர்ச்சியை அறிவின் தளர்ச்சியாக எண்ணும் நம் அவசரமே ஏற்றியது. பார்வையற்ற நபித்தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களைப் பாங்கு சொல்பவராக நியமித்ததோடு, தாம் வெளியூர் சென்ற காலங்களில் மதீனாவில் தம் பிரதிநிதியாகவும் விட்டுச் சென்றார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். ஒரு நகரத்தின் பொறுப்பை நம்பி ஒப்படைக்கத் தக்கவர் என்று அவரைக் கண்டது நபியின் பார்வை. நாமோ அத்தகைய ஒருவரிடம் ஒரு மாதச் செலவுப் பணத்தை ஒப்படைக்கத் தயங்குகிறோம்.

பிறரைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. ஊர் ஜமாஅத்தின் ஸகாத் நிதியைப் பங்கிடும் பொறுப்பு சில ஆண்டுகள் நம்மிடம் இருந்தது. பக்கவாதத்தால் ஒரு காலும் கையும் செயலிழந்த முதியவர் ஒருவருக்கு மாதந்தோறும் அரிசி அனுப்பி வந்தோம். ஒருமுறை நேரில் சென்றபோது அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “ஹஜ்ரத், சோறு மகன் வீட்டில் கிடைத்துவிடுகிறது. அரிசிக்குப் பதிலாகக் காசாகக் கொடுத்தால், வெள்ளிக்கிழமை ஆட்டோ வைத்துப் பள்ளிக்கு வருவேன்.” நாம் சட்டம் சொன்னோம்: “உங்களைப் போன்ற நோயாளிக்கு ஜும்ஆ கடமையில்லை, வீட்டிலேயே லுஹர் தொழுதால் போதும்.” அவர் தலையசைத்தார். “கடமைக்காகக் கேட்கவில்லை, ஹஜ்ரத். நாலு பேர் முகத்தைப் பார்க்கலாமே என்றுதான்.” ஜமாஅத்தின் தீர்மானம் அரிசிதான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். அதன் பின் அவர் கேட்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, சந்தூக்கில்தான் அவர் பள்ளிவாசலுக்கு வந்தார்.

அரிசி அவர் கையில் ஒப்படைக்கப்பட்டது; சட்டப்படி ஸகாத் நிறைவேறிற்று. அந்த ஓரெழுத்தை மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் கற்பித்த நாம், அதன் சட்டத்தைக் காத்து, அதன் நோக்கத்தைக் கைவிட்டோம். கேட்டறிந்து கொடுத்திருந்தால் ஜமாஅத்துக்கு ஒரு காசும் கூடுதலாகச் செலவாகியிராது.

பணத்தைக் கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்றும் கொள்ளலாகாது. பிரிட்டனின் அனுபவமே இதற்குச் சான்று. பணம் பெறுபவர் துணையாளரைத் தேடி அமர்த்த வேண்டும். ஊதியமும் விடுப்பும் தர வேண்டும். கணக்கும் காட்ட வேண்டும். தளர்ந்த முதியவர்க்கு இது புதிய சுமையாகலாம். ஆகவே, ஏற்பாட்டை மன்றமே செய்யட்டும் என்று சொல்லும் உரிமையும் அங்கே உண்டு. அதுவும் ஒரு தேர்வே. சுயமாக முடிவெடுக்க இயலாத நிலையிலுள்ளோர்க்காகத் தகுந்த வேறொருவர் அப்பணத்தைப் பெற்று நடத்தலாம். நம் சட்டம் கூறும் ‘வலீ’யின் இடம் அது, தம் விருப்பத்தை விட்டு, பொறுப்பிலுள்ளவரின் நலனையே அவர் நோக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு: கையில் வரும் தொகை போதாததாயின் தேர்வுரிமை வெறும் பெயராகிவிடும். முன்பு கூறிய சுதந்திர வாழ்வு நிதியை 2015 ஜூன் 30 அன்று அரசு மூடியபோது, அதை நம்பியிருந்தோர் அஞ்சியது இதைத்தான்.

உமையாக் கலீஃபா அல்வலீத் இப்னு அப்துல் மலிக், முடவருக்குப் பணியாளரும் பார்வையற்றவருக்கு வழிகாட்டியும் அளித்ததாக வரலாற்றாசிரியர் தபரீ குறிப்பிடுகிறார். பணத்தால் வாங்க முடியாத துணை உண்டு. துணையால் ஈடுசெய்ய முடியாத உரிமையும் உண்டு. பெற்றோர்க்குப் பிள்ளை செய்யும் பணிவிடைக்கு எந்தத் தொகையும் மாற்றாகாது. ஆயினும் அப்பணிவிடை செய்யும் மகனும் மகளும், “உங்களுக்கு இப்போது என்ன வேண்டும்?” என்று கேட்டுவிட்டுச் செய்தால், அந்தத் தாயும் தந்தையும் வீட்டுக்குரியவர்களாகவே வாழ்வார்கள்.

ரமழான் தோறும் நம்மில் பலர் ஸகாத்தைக் கணக்கிட்டுப் பங்கிடுகிறோம். ஸகாத் புடவை என்றே தனியாக, நம் வீட்டார் உடுத்த விரும்பாத துணியை, மலிவு விலைக்கு வாங்கிக் குவிப்போரும் உண்டு. இனியேனும் கொடுப்பதற்கு முன் ஒரு சொல் கேட்போம். கேட்டதைக் கொடுப்போம். கொடுத்த பின், அது அவருடையது என்பதை நம் நாவும் நம் நெஞ்சும் ஒப்புக்கொள்ளட்டும். செல்வமெல்லாம் அல்லாஹ்வுக்கே உரியது. நம்மிடமிருந்த நாளில் அதை அவன் நம் விருப்பத்திற்கு விட்டிருந்தான். அந்தக் கண்ணியத்தை நம் கையால் பெறுபவருக்கும் வழங்க அவன் நமக்கு அருள் புரிவானாக! ஆமீன்.