பீரோவுக்குள் ஒரு கணக்கு



ரமலான் நெருங்கி வரும்போது நம் இல்லங்களிலே இரண்டு வேலைகள் மும்முரமாக நடக்கின்றன. வீட்டைக் கழுவித் துடைப்பது ஒன்று. பெருநாளுக்குப் புதுத்துணி எடுப்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் நடுவே இன்னொரு வேலையும் உண்டு. பீரோவைத் திறந்து, உள்ளே இருப்பதை எண்ணிப் பார்ப்பதுதான் அது. அதை நாம் செய்வதில்லை.

எண்ணினால் திகைத்துப் போவோம். முப்பது சேலைகள் இருக்கும். மாறி மாறி உடுத்துவது ஆறோ ஏழோதான். ஆண்களின் சட்டைகளும் அப்படியே. ஒரு கல்யாணத்திற்கு உடுத்தியதை மறு கல்யாணத்திற்கு உடுத்தினால் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற அச்சம்! அதற்காகக் கடன் வாங்கியும் துணி எடுக்கிறோம். நாலு பேருக்கு அஞ்சும் நாம், விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று திருமறை எச்சரிப்பதற்கு அஞ்ச வேண்டாமா?

நாம் அறிந்த ஓர் இல்லத்தில் வயது முதிர்ந்த தாயார் ஒருவர் வஃபாத்தானார். சில வாரங்கள் சென்று மக்கள் அவருடைய பீரோவைத் திறந்தார்கள். நல்லது கெட்டதுக்கு ஆகும் என்று அவர் மடித்து வைத்த பட்டுச் சேலைகள் அடுக்கடுக்காக இருந்தன. எடுத்து விரித்தால் மடிப்பு மடிப்பாக விட்டுப் போயின, சரிகை கறுத்திருந்தது. அவரும் உடுத்தவில்லை, பிறருக்கும் உதவவில்லை. அதே தெருவிலே, கல்யாணத்திற்கு நல்லதாக ஒரு சேலை இல்லாமல் ஒரு குமர்ப் பெண் இருந்தாள். அந்தத் தாயார் தம்முடன் கொண்டு போனதோ ஐந்து துண்டுக் கபன் துணி மட்டுமே!

அப்படியானால் கந்தலைக் கட்டிக்கொண்டு திரிய வேண்டுமா? மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை. எளிய உடையில் வந்த ஒரு தோழரிடம், உம்மிடம் செல்வம் உண்டா என்று பெருமானார் (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். ஒட்டகமும் ஆடும் குதிரையும் உண்டென்று அவர் சொன்னதும், அல்லாஹ் தந்த அருட்கொடையின் அடையாளம் உம்மீது தெரியட்டும் என்ற கருத்தில் அறிவுறுத்தினார்கள். வேலைக்கு உடுத்தும் உடை போக ஜும்ஆவுக்கென்று தனியே ஓர் இணை உடை வைத்துக்கொள்வதையும் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பினார்கள். தம் உடையைத் தாமே தைத்துக்கொண்டவர்களும் அவர்கள்தாம். தூய்மை வேண்டும், அழகு வேண்டும்; பெருமையும் விரயமும் கூடாது. இதுதான் எல்லை.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஐந்து திர்ஹம் பெறுமானமுள்ள சொரசொரப்பான உடை ஒன்று இருந்தது. அதை வீட்டுக்குள் உடுத்தவும் தம் பணிப்பெண் இப்போது விரும்புவதில்லை என்று கூறிய அன்னையவர்கள், பெருமானார் (ஸல்) காலத்தில் அதே போன்ற ஓர் உடை தம்மிடம் இருந்ததையும், மதீனாவில் அலங்கரிக்கப்படும் பெண்களுக்கெல்லாம் அதை இரவல் கேட்டு ஆளனுப்புவார்கள் என்பதையும் நினைவுகூர்ந்தார்கள். புகாரி ஷரீபில் வரும் செய்தி இது. ஓர் உடை, எத்தனை மணப்பெண்களுக்கு உதவியது! இன்று ஒரு மணப்பெண்ணுக்கு எத்தனை உடைகள்!

சகோதரிகளே! இந்த ஷஃபானிலேயே பீரோவைத் திறப்போம். ஒவ்வொரு துணியையும் கையில் எடுத்து நான்கு கேள்விகள் கேட்போம். இதை உடுத்தித் தொழலாமா? கடைத்தெருவுக்குப் போகலாமா? விருந்துக்குப் போகலாமா? கடந்த ஓராண்டில் இதை உடுத்தினோமா? தொழுகைக்கும் வெளிவேலைக்கும் விருந்துக்கும் பொருந்துகிற ஒரு துணி மூன்று துணிக்குச் சமம். அதை வைத்துக்கொள்வோம். ஒரே இடத்திற்கு மட்டும் ஆகி, ஓராண்டாகத் தொடாமல் கிடப்பது நமக்குரியதன்று. இன்னொருவருக்குரியது நம்மிடம் தங்கியிருக்கிறது என்று கருதுவோம். புதிதாக எடுக்கும்போதும், இருக்கும் துணிகளோடு சேர்த்து உடுத்தக்கூடிய நிறமாகப் பார்த்து எடுப்போம். ஒரு வெள்ளைத் துப்பட்டி எல்லாச் சேலைக்கும் பொருந்தும். ஆண்களுக்கு வீட்டுக்கு இரண்டு கைலி, வேலைக்கு மூன்று நான்கு சட்டை, ஜும்ஆவுக்கும் பெருநாளுக்கும் வெள்ளையில் ஓர் இணை போதாதா?

கொடுப்பதிலும் ஓர் ஒழுக்கம் உண்டு. பொத்தான் இல்லாததையும் கறை படிந்ததையும் மூட்டை கட்டி வாசலில் போடுவது தர்மமாகாது. நமக்குத் தந்தால் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவோம் என்ற தரத்தில் உள்ளதைக் கொடுக்க நினைக்காதீர்கள் என்று திருமறை தடுக்கிறது. நாம் விரும்புவதிலிருந்து கொடுக்காத வரை நன்மையை அடைய மாட்டோம் என்றும் அது கூறுகிறது. துவைத்து, தைத்து, மடித்து, வாங்குபவரின் முகம் வாடாமல் கொடுப்போம்.

உடுத்தும் துணிக்கு ஜகாத் இல்லை என்று சிலர் ஆறுதல் கொள்வார்கள். ஜகாத் இல்லைதான், ஆனால் கேள்வி இல்லை என்று யார் சொன்னது? பொருளை எப்படிச் சம்பாதித்தாய், எதில் செலவழித்தாய் என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் மறுமையில் அடியெடுத்து வைக்க முடியாதே!

ஹஜ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்கள் மரணப் படுக்கையில் தம்மேல் கிடந்த பழைய ஆடையைப் பார்த்தார்கள். அதில் குங்குமப்பூக் கறை இருந்தது. அதைத் துவைத்து, இன்னும் இரண்டு துணிகளைச் சேர்த்துத் தமக்குக் கபனிடுமாறு கூறினார்கள். இது பழையதாயிற்றே என்று மகளார் ஆயிஷா (ரலி) கேட்டபோது, இறந்தவரைவிட உயிரோடிருப்பவருக்கே புதுத்துணியில் அதிக உரிமை உண்டு என்று விடையளித்தார்கள். கலீபாவாக இருந்தவர்கள், தம் கபனிலும் உயிரோடிருக்கும் ஏழையை நினைத்தார்கள். நாமோ, நம் பீரோவில் உறங்கும் துணியிலாவது அவரை நினைக்கக் கூடாதா?

உடைகளிலெல்லாம் மேலான தக்வா எனும் உடையை வல்ல ரஹ்மான் நமக்கும் நம் மக்களுக்கும் அணிவிப்பானாக! ஆமீன்.