கையெழுத்துப் போடாதவர்கள்



வேகமாகக் கார் ஓட்டுவது தப்பா? எங்கள் டெங்கில் பக்கத்துப் பையன்களிடம் இதைக் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். "போலீஸ் பிடிச்சா தப்பு" என்பது ஒன்று. "ஓட்டத் தெரியாதவன் ஓட்டினா தப்பு" என்பது இன்னொன்று. வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள்: "உயிரோட விளையாடக் கூடாதுப்பா, அவ்வளவுதான்."

எனக்கு இந்த மூன்றுமே போதவில்லை. முதல் பதிலில் கேமரா இல்லாத இடமெல்லாம் நல்ல இடம் ஆகிவிடுகிறது. இரண்டாவது பதிலைச் சொல்கிற எல்லோருமே தனக்கு ஓட்டத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது பதில் கொஞ்சம் ஆழமானது. ஆனால் உயிருக்கு ஆபத்து என்றாலே தப்பு என்றால், 1997 மே 23-இல் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் மலேசியர்கள் எம். மகேந்திரனையும் என். மோகனதாஸையும் நாம் ஏன் கொண்டாடுகிறோம்? அவர்களும் உயிரைப் பணயம் வைத்துத்தானே ஏறினார்கள்?

இந்தக் கேள்வி எனக்கு வெறும் பட்டிமன்றத் தலைப்பாக இல்லாமல் போனது எங்கள் அண்ணனால்தான். பெரியம்மா மகன். எட்டு வருஷம் வேலை செய்து சேர்த்த பணத்தில், இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் புதிதாக வாங்கினார். கோவிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி, முதல் சர்வீஸையும் முடித்தார். அடுத்து அந்தக் கார் போன இடம் சிப்பாங் பந்தயத் தடம்.

டெங்கிலிலிருந்து சிப்பாங் தடம் ரொம்பத் தூரமில்லை. 1999-இல் திறந்தது. ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். 2017 வரை இங்கே ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது. 2005-இல் கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன் இதே தடத்தில் ஓட்டி 11-ஆவது இடத்தில் முடித்தார். பந்தயம் இல்லாத சில நாட்களில் சாதாரண ஆட்களும் காசு கட்டிவிட்டுச் சொந்தக் காரை இங்கே ஓட்டலாம். அதைத்தான் 'டிரேக் டே' என்கிறார்கள். அண்ணனோடு நானும் இரண்டு முறை போனேன். எனக்கு ஓட்டுகிற வேலை இல்லை. டயர் காற்றைப் பார்ப்பது, தண்ணீர் எடுத்துக் கொடுப்பது, ஓரமாக நின்று கவனிப்பது, இவ்வளவுதான்.

அங்கே முதலில் என் கண்ணில் பட்டது விதிகள்தான். தலைக்கவசம் வேண்டும், முழுக்கைச் சட்டை வேண்டும், மூடிய காலணி வேண்டும். காலையில் நடக்கும் விளக்கக் கூட்டத்தில் உட்காராதவர் தடத்தில் இறங்க முடியாது. மஞ்சள் கொடி காட்டினால் முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை, யாரையும் முந்தாதே. நீலக் கொடி என்றால் பின்னால் வேகமான கார் வருகிறது, வழி விடு. சிவப்புக் கொடி என்றால் எல்லோரும் மெதுவாகத் திரும்பி வர வேண்டும். சொன்ன இடத்தில் மட்டும், முன்னால் போகிறவர் சைகை கொடுத்த பிறகுதான் முந்தலாம். "இது பந்தயம் இல்லை, யாருக்கும் கோப்பை கிடையாது" என்று கூட்டத்தில் இரண்டு முறை சொன்னார்கள். இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு பேப்பர் நீட்டினார்கள். எனக்கு ஏதாவது ஆனால் அதற்கு நானே பொறுப்பு என்று கையெழுத்துப் போடும் பேப்பர்.

இயந்திரப் பொறியியல் படிக்கிறவன் என்பதால் நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அண்ணனின் கார் ஏறக்குறைய 1,300 கிலோ. 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 100-க்குக் குறைக்க ஒரு தடவை பிரேக் அடித்தால், அந்தச் சூட்டில் 5 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். அவ்வளவு சூடும் நான்கு பிரேக் தட்டுகளில் இறங்குகிறது. அடுத்த வளைவில் மறுபடியும் இறங்குகிறது. அதனால்தான் சில சுற்று ஓட்டிவிட்டு, ஒரு சுற்று மெதுவாகப் போய்க் காரை ஆற வைத்துக் கொண்டுவருகிறார்கள். உள்ளே வந்து நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் இழுக்கக்கூடாது, சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். வேகம் இரண்டு மடங்கு ஆனால் காரில் இருக்கும் ஆற்றல் நான்கு மடங்கு ஆகிறது. இது பள்ளிக்கூடத்திலேயே படித்த சூத்திரம்தான். ஆனால் பிரேக் வாசனையோடு பார்த்தபோதுதான் அதன் அர்த்தம் எனக்கு உறைத்தது.

அந்த ஆற்றல் சிப்பாங்கிலும் அதேதான், டெங்கில் ரோட்டிலும் அதேதான். தடத்துக்கு வந்தால் பௌதிகம் கருணை காட்டாது. 2011 அக்டோபரில் இதே சிப்பாங்கில் மோட்டோஜிபி வீரர் மார்கோ சிமோன்செல்லி இறந்தார். உலகத் தரத் தடம், உலகத் தரப் பாதுகாப்பு, உலகத் தர வீரர். அப்படியும் உயிர் போனது. ஆகவே 'தடம் பாதுகாப்பானது, ரோடு ஆபத்தானது, அதனால் தடம் சரி' என்று சுலபமாக முடித்துவிட முடியாது.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. தடத்தில் ஓட்டுகிற ஒவ்வொருவரும் அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட்டவர்கள். எதிரே வண்டி வராது, குறுக்கே யாரும் நடக்க மாட்டார்கள். கொடி காட்டுகிற ஊழியர்கள்கூடப் பயிற்சி எடுத்து, ஆபத்து என்னவென்று தெரிந்துதான் அங்கே நிற்கிறார்கள். ரோட்டில் அப்படியா? அங்கே ஒருவர்கூட உங்கள் வேகத்துக்குக் கையெழுத்துப் போடவில்லை.

திருவாரூர் மனுநீதிச் சோழன் கதை நமக்கெல்லாம் சின்ன வயதிலேயே தெரியும். பெரியபுராணத்தில் வருகிற கதை. இளவரசனின் தேர்ச் சக்கரத்தில் ஒரு கன்று சிக்கி இறந்தது. தாய்ப்பசு வந்து ஆராய்ச்சி மணியை அடித்தது. அரசன் தன் மகன் மேலேயே தேரை ஏற்றத் துணிந்தான். திருவாரூர்க் கோவிலுக்கு வெளியே அந்த நினைவாகக் கல்தேர் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சோழனுக்குச் சிலையும் இருக்கிறது. இந்தக் கதையை 'நீதி என்றால் மகன் என்றும் பார்க்கக்கூடாது' என்பதற்கு உதாரணமாகத்தான் எப்போதும் சொல்கிறோம். நான் இதை ஒரு சாலை விபத்தாகவும் வாசிக்கிறேன். இளவரசன் கொல்ல நினைக்கவில்லை. கன்றுதான் யாரும் பார்க்காதபோது குறுக்கே ஓடியது. மந்திரிகள்கூடப் பிராயச்சித்தம் செய்தால் போதும் என்றார்கள். அரசன் ஏற்கவில்லை. வீதியில் தேர் ஓட்டுகிறவன் அவன். குறுக்கே என்ன வரும் என்று எண்ண வேண்டியதும் அவன்தான். கன்றிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. "நான் வேணும்னு செய்யல" என்பது அந்தத் தாய்ப்பசுவுக்குப் பதில் ஆகாது.

அரசன் கொடுத்த தண்டனை சரியா என்பது வேறு விவாதம். வீதி யாருடையது என்பதில் அந்தக் கதைக்குச் சந்தேகமே இல்லை.

"ராத்திரி மூணு மணிக்கு ரோடு காலியாத்தானே இருக்கு?" என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். இதற்கும் கணக்குப் போடலாம். 180 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 50 மீட்டர் போகிறது. ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்கைத் தொட ஒரு விநாடி ஆகும். காய்ந்த ரோட்டில் நல்ல டயரோடு பிரேக் அடித்தாலும், முழுதாக நிற்க மொத்தம் 190 மீட்டர் வரை தேவை. காரின் தாழ்விளக்கு அதில் பாதித் தூரத்தைக்கூடச் சரியாகக் காட்டாது. 'ரோடு காலி' என்று நாம் சொல்வது, பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகச் சொல்வதுதான்.

அந்த இருட்டில் யார் வருவார்கள்? எங்கள் ஊரில் இதற்குப் பதில் எல்லோருக்கும் தெரியும். புத்ராஜெயா கட்டுவதற்காகப் பிராங் பெசார் போன்ற தோட்டங்களிலிருந்து வெளியேறி டெங்கிலில் குடியேறிய குடும்பங்கள் நிறைய. விடியற்காலை ஷிஃப்டுக்கு விமான நிலையத்துக்கும் அலுவலகத் துப்புரவு வேலைக்கும் கப்சாய் மோட்டாரில் கிளம்புகிற அப்பாக்களும் அம்மாக்களும் நம்மவர்கள்தான். 2023-இல் நம் நாட்டுச் சாலைகளில் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்.

இன்னொரு நண்பன் கேட்டதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. "உங்க அண்ணனுக்குச் சிப்பாங் இருக்கு மச்சான். எனக்கு ரோடுதானே இருக்கு?" அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. கட்டணம், பெட்ரோல், தேய்கிற டயர், பிரேக் எல்லாம் சேர்ந்தால் ஒரு நாள் செலவு சுலபமாக ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். மாதம் இரண்டாயிரத்துக்கும் கீழே சம்பளம் வாங்குகிறவனுக்கு 'தடத்துக்குப் போய் ஓட்டு' என்று சொல்வது பசிக்கிறவனுக்கு ஹோட்டல் மெனுவைக் காட்டுவது மாதிரி. வேக ஆசை பணக்காரனுக்கு மட்டும் பொழுதுபோக்கு, ஏழைக்கு மட்டும் குற்றம் என்றால் அது நியாயமில்லை.

ஆனாலும் அவனுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அவன் ரோட்டில் வேகம் போட்டால் அதற்கு விலை கொடுக்கப் போவது யார்? பெரிய காரில் போகிற பணக்காரனைச் சுற்றி இரும்பும் காற்றுப்பையும் இருக்கின்றன. அடிபடப் போவது அவன் தாமானிலேயே கப்சாயில் போகிற ஒருவர். தனக்கு நடந்த அநியாயத்தை அவன் தன்னைவிட எளியவர் தலையில் இறக்கி வைக்கிறான். அவன் பேசாமல் இருந்தான். ஒத்துக்கொண்டானா என்று எனக்குத் தெரியாது.

அவனுடைய கேள்விக்கு வாயால் மட்டும் பதில் சொன்னால் போதாது என்றும் நினைக்கிறேன். சிப்பாங்கிலேயே கோகார்ட் தடம் இருக்கிறது. செலவு பெரிய தடத்தைவிட எவ்வளவோ குறைவு. கால்பந்துப் போட்டிக்கு நிதி திரட்டத் தெரிந்த நம் இளைஞர் மன்றங்களுக்கு, வருஷத்தில் ஒரு நாள் இருபது பையன்களை அங்கே கூட்டிக்கொண்டு போவது முடியாத காரியமா? கூடவே மோட்டாரில் அவசரமாக பிரேக் அடிக்கும் பயிற்சியும் கொடுக்கலாம். அண்ணன் மாதிரி வசதி வந்தவர்கள் இதற்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் என்றே சொல்வேன்.

இதுவரை சொன்னது ரோட்டில் இருப்பவர்களைப் பற்றி. இன்னும் ஒருவர் மிச்சம் இருக்கிறார். முதல் தடவை அண்ணன் அந்தப் பேப்பரைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார். பெரியம்மாவிடமிருந்து உடனே பதில் வந்தது: "எல்லாம் சரி. என் பேரு போடுற இடம் எங்க?"

அண்ணன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'என் உயிர், என் இஷ்டம்' என்று சொல்வது நம் வீடுகளில் செல்லாது. பித்ரு கடன் என்று நாம் பேசுவதே, நான் எனக்கு மட்டும் சொந்தமானவன் இல்லை என்பதால்தான். ஆனால் அம்மாவின் பயம்தான் கடைசித் தீர்ப்பு என்றால் யாரும் மலை ஏற முடியாது, கடலுக்குப் போக முடியாது.

நான் வந்து சேர்ந்த முடிவு இதுதான். ரோட்டில் போகும் அந்நியரிடம் சம்மதம் கேட்க வழியே இல்லை. ஆகவே அவர்மேல் ஆபத்தைச் சுமத்த நமக்கு உரிமையும் இல்லை. வீட்டில் இருப்பவர்களிடம் கேட்க வழி இருக்கிறது. ஆகவே கேட்காமல் போவதும், மறைத்துப் போவதும் தப்பு. உண்மையைச் சொல்ல வேண்டும். சாதாரணக் கார் காப்புறுதி பொதுவாகத் தடத்தில் நடப்பதற்குச் செல்லாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தயாராகப் போக வேண்டும். அவர்கள் வைக்கும் நிபந்தனையைக் கேட்க வேண்டும்.

இரண்டாவது தடவை அண்ணன் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் காலையிலிருந்து மதியம் வரை உட்கார்ந்து பார்த்தார். கொடிக்கு என்ன அர்த்தம், ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது என்றெல்லாம் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். கடைசியில் அண்ணனிடம் சொன்னார்: "இங்க ஓட்டிக்கோ. ஆனா ரோட்டுல நீ நூத்திப் பத்தைத் தாண்டினன்னு தெரிஞ்சா, சாவி என்கிட்ட வந்துடணும்." அண்ணன் சரி என்றார். அன்று திரும்பும்போது காரை ஓட்டியது நான். நாள் முழுக்க வேகம் பார்த்த கண்ணுக்கு 110 நடை மாதிரித் தெரியும், அதனால் நீ ஓட்டு என்று அண்ணனே சாவியைக் கொடுத்தார்.

நண்பர்களே, ஆசைப்படுவதில் பாவம் இல்லை. வேகம் பிடித்தவனைக் கெட்டவன் என்று நான் சொல்ல மாட்டேன்; எனக்கும் பிடிக்கும். ஆனால் பெடலை மிதிக்கும் முன் ஸ்பீடோமீட்டரைப் பார்ப்பதோடு இன்னொரு கணக்கையும் பாருங்கள். இந்த ஆபத்தில் யாரெல்லாம் பங்கு? அவர்களில் யாரிடம் கேட்டிருக்கிறேன்? கேட்காத ஒருவர் இருந்தாலும், அது உங்களுக்கு ஓட்ட உரிமையுள்ள இடம் இல்லை.