சிந்தனைத் துளி: பார்த்தவர்கள் எழுதட்டும்

சிங்கம்புணரியில் 1920இல் பிறந்த ப. சிங்காரம், பிழைப்புக்காகப் பதினெட்டு வயதில் கப்பலேறி, சுமத்ராவின் மேடான் நகருக்குப் போனவர். வட்டிக்கடையில் வேலை. அங்கே இருந்தபோதுதான் ஜப்பானியப் படை வந்திறங்கியது. போர் முடிந்து 1946இல் ஊர் திரும்பியவர், மதுரையில் 'தினத்தந்தி'யில் சேர்ந்தார்.

அவர் எழுதிய நாவல்கள் இரண்டே இரண்டு: 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி'. இரண்டாவது நாவல் 1972இல்தான் அச்சேறியது. மேடானின் கடைத்தெரு, பினாங்குக்குச் சரக்கோடு போகும் தொங்கான் என்னும் மரக்கலத்தைப் புயல் புரட்டியெடுக்கும் இரவு, நேதாஜியின் படையில் சேர்ந்த தமிழ் இளைஞர்கள்: எல்லாம் அதில் உயிரோடு இருக்கின்றன. வரலாற்றுப் புத்தகம் படைகளின் நகர்வைச் சொல்லும். வட்டிக்கடைப் பெட்டியடியில் கணக்கெழுதிய பையனின் நெஞ்சில் போர் என்ன செய்தது என்பதைச் சிங்காரம்தான் சொன்னார். புகழ் அவரைத் தேடி வரத் தாமதமானது. அதற்காக எழுத்தின் மதிப்பு ஒரு குன்றிமணியும் குறையவில்லை.

சிங்காரம் மேடானுக்குப் போனதுபோலவே, கோலார் தங்கவயலுக்கும் தமிழர்கள் பிழைப்புத் தேடியே வந்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி உழைத்தார்கள். 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அந்த இருட்டையும் வெக்கையையும் அறிந்த பெரியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.

இன்றே அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். பட்டவர் சொல்லாமல் போனால், பார்க்காதவர் சொன்னதே வரலாறாகிவிடும்.