பக்கத்து அறைக் கதவு

பிள்ளை வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறது என்றால், வெள்ளவத்தை வீடுகளில் ஒரு காட்சியைக் காணலாம். கூடத்தின் நடுவில் பயணப்பெட்டி திறந்து கிடக்கும். பக்கத்தில் ஒரு தராசு. 30 கிலோவைத் தாண்டக்கூடாது. அம்மா ஒரு சுவெட்டரை வெளியே எடுத்துவிட்டு, வறுத்து இடித்த மிளகாய்த்தூளை அந்த இடத்தில் வைப்பார். அதோடு ஒரு புத்திமதியும் போகும்: "அங்கே ஆரோடும் தேவையில்லாமல் கதைக்காதே. படிப்பும் அறையும் என்று இரு."

பாசத்தில் சொல்வதுதான். ஆனால் பெட்டியில் வைக்கவேண்டிய புத்திமதி அதுதானா?

முன்பு இப்படிப் படிக்கப் போன ஒருவர் நினைவுக்கு வருகிறார். ஒரு கோயில் கட்டிய குடும்பத்துப் பிள்ளை அவர். கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கம் போய்வருகிறவர்களுக்குக் கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைச் சொல்லத் தேவையில்லை. முதலில் அதைக் கட்டுவித்தவர் பொன்னம்பல முதலியார். இன்றைய கருங்கற் கோயிலை எழுப்பியவர் அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன். இன்னொரு மகன் அருணாசலம், 1853இல் கொழும்பில் பிறந்தவர். இன்று ரோயல் கல்லூரி என்று நாம் அழைக்கும் கொழும்பு அக்கடமியில் படித்து, புலமைப்பரிசில் பெற்று, 1870இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். சுயஸ் கால்வாய் திறந்து ஒரு வருடம்கூட நிரம்பியிருக்குமோ என்னவோ. வீட்டாரின் முகம் பார்த்துக் கதைக்கக் கைப்பேசி இல்லை. ஒரு கடிதத்துக்குப் பதில் வர வாரக்கணக்காகும்.

படித்தார். 1875இல் போட்டிப் பரீட்சை எழுதி இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் இலங்கையர் ஆனார். இது பலரும் அறிந்த செய்தி. என் மனதில் நிற்பது வேறொன்று.

கேம்பிரிட்ஜில் அவருக்கு எட்வர்ட் கார்ப்பெண்டர் என்ற ஆங்கிலேயரின் நட்புக் கிடைத்தது. பிற்காலத்தில் பெயர்பெற்ற எழுத்தாளர் அவர். அருணாசலம் அந்த நண்பருக்குப் பகவத்கீதையின் மொழிபெயர்ப்பு ஒன்றைப் படிக்கக் கொடுத்தார். படித்தவர் அதோடு நிற்கவில்லை. 1890இல் இலங்கைக்கே புறப்பட்டு வந்து, ஒரு தமிழ் ஞானியின் முன்னால் அமர்ந்து பாடம் கேட்டார். அந்த அனுபவத்தை 1892இல் நூலாகவும் எழுதினார். படிக்கப் போனவர் நம்மவர். அவருடைய நட்பைப் பிடித்துக்கொண்டு இங்கே படிக்க வந்தவர் ஆங்கிலேயர்!

"அவர் வசதியான வீட்டுப் பிள்ளை. எங்கள் பிள்ளைக்கு வங்கிக் கடன் இருக்கிறது, இரவில் கடையில் வேலை இருக்கிறது" என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். ஆனால் பக்கத்து அறைக் கதவைத் தட்டுவதற்குக் காசு வேண்டாமே. வெளிநாட்டுப் படிப்பில் துணிவு என்பது மலையேறுவதும் பனியில் சறுக்குவதும் மட்டுமல்ல. தெரியாத ஒருவரிடம், "நான் கொழும்பிலிருந்து வந்திருக்கிறேன், சாப்பிட்டாயா?" என்று கேட்கிற அந்த அரை நிமிடத்துக்கும் துணிவு வேண்டும். தட்டாத கதவுகளுக்கு நடுவில் மூன்று வருடம் இருந்துவிட்டு வந்தால், பட்டம் கையில் இருக்கும். பார்த்த ஊர் ஒன்றும் மனதில் இருக்காது.

அருணாசலம் கதவைத் திறந்ததோடு விடவில்லை. நம் பிள்ளைகளுக்கு நம் நாட்டிலேயே பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தை முன்னின்று தொடங்கினார். 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. 1942இல் அது இலங்கைப் பல்கலைக்கழகமாக நிமிர்ந்தபோது அவர் இல்லை, 1924இலேயே மறைந்துவிட்டார். ஆனால் பேராதனையில் ஒரு மாணவர் விடுதி அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கேயும் வரிசையாக அறைகள். வேறு வேறு ஊர்ப் பிள்ளைகள். ஒவ்வோர் அறைக்கும் ஒரு கதவு.

ஆகவே, இன்று பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கும் அம்மாமாரே, மிளகாய்த்தூள் இருக்கட்டும். சுவெட்டரையும் திரும்ப உள்ளே வையுங்கள். தராசு இடங்கொடுத்தால் தூளில் இன்னும் ஒரு பிடி கூட்டிக் கட்டுங்கள். அது பக்கத்து அறைப் பிள்ளைக்கு.