இரங்கலும் வழிபாடும்: லிஸ்ற்றின் பியானோ இசை எழுப்பும் ஒரு வினா

இறைவனுக்கென இயற்றப்படும் இசையில் இறந்த நண்பனின் நினைவுக்கு இடமுண்டா? சொற்களோடு கூடிய வழிபாட்டிசையில் இவ்வினா கடுமையாக எழுவதில்லை. இறந்தோருக்கான மன்றாட்டு கத்தோலிக்கத் திருச்சபையின் வழிபாட்டிலேயே அமைந்துள்ளது. சொல்லற்ற பியானோ இசையின் நிலை வேறு. வேண்டுதல் எங்கு முடிகிறது, தனிமனித துக்கம் எங்குத் தொடங்குகிறது எனக் காட்டுவதற்கு அங்குத் தலைப்பையும் வரிசையையும் தவிர வேறொன்றுமில்லை.

பிரான்ஸ் லிஸ்ற் 1853 இல் வெளியிட்ட பத்துப் பியானோப் படைப்புகளின் தொகுதி இவ்வகையில் நோக்கற்பாலது. லாமார்த்தீனின் 1830 ஆம் ஆண்டுச் சமயக் கவிதைத் தொகுதியின் பெயரையே அதுவும் தாங்கிற்று. மரியன்னை வாழ்த்து, கர்த்தர் கற்பித்த செபம் முதலியவற்றிடையே, ஏழாவதாக, 'ஈமச்சடங்கு' எனப் பொருள்படும் படைப்பு 'ஒக்டோபர் 1849' என்னும் குறிப்போடு நிற்கின்றது. அதற்கு முன்னே துயிலெழும் குழந்தையின் துதி. பின்னே இரக்கம் வேண்டும் சங்கீதம்.

1849 ஒக்டோபர் 6 ஆம் திகதி, தோல்வியுற்ற ஹங்கேரியப் புரட்சியின் முதற் பிரதமர் பத்தியானி பெஸ்ற் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே நாளில் அராட் நகரில் படைத்தலைவர் 13 பேர் மரணதண்டனைக்கு உள்ளாயினர். ஹங்கேரியில் பிறந்த லிஸ்ற்றோ அவ்வேளை வைமார் அரசவையில் இசைப்பணியில் இருந்தார். 1840 இல் பெஸ்ற் நகரில் அவருக்கு மரியாதை வாளொன்று அணிவிக்கப்பட்டிருந்தது. அவ்வாளையும் போர்க்களம் செல்லாத லிஸ்ற்றையும் கவிஞர் ஹைனே எள்ளி எழுதினார். அக்கவிதையின் தலைப்பிலும் அதே ஒக்டோபர் 1849! (ஹைனேயும் களம் கண்டவரல்லர்; 1848 முதல் பாரிஸில் படுக்கையிற் கிடந்தவர்.) ஏளனம் ஒருபுறமிருக்க, போகாதவன் போனவர்களுக்காகப் புலம்பும் உரிமை எத்தகையது என்னும் வினா எஞ்சி நிற்கின்றது.

இப்படைப்பு நாட்டுப்பற்றுப் பாடலாக இருந்திருப்பின் அந்த ஏளனத்துக்கு விடையிராது. பாதுகாப்பான நகரிலிருந்து எழும் வீரவணக்கம் பாடுவோனின் புகழையே பெருக்கும். ஆனால் இப்படைப்போடு மரபாக இணைத்துப் பேசப்படும் பெயர்களுள் பத்தியானியோடு லிக்னோவ்ஸ்கியும் ஒருவர். லிஸ்ற்றின் நண்பரான அவர் பிராங்போட் பாராளுமன்றத்தில் பழைமைவாதிகளின் பக்கம் நின்றவர். 1848 செப்ரெம்பரில் கலகக்காரராற் கொல்லப்பட்டவர். ஒருவரைக் கொன்றது அரசு. மற்றவரைக் கொன்றது அரசை எதிர்த்த கூட்டம். இவ்விருவரையும் ஒரே இரங்கலில் ஏற்கக் கட்சிப் பாடல் எதனாலும் இயலாது. மன்றாட்டினால் இயலும்.

அதற்கு ஒரு விலையும் உண்டு. தண்டனைத் தீர்ப்பும் கூட்டத்தின் வெறியும் நீதியின் முன் ஒன்றல்ல. மன்றாட்டோ அவ்வேறுபாட்டை ஆராய்வதில்லை. ஆயினும் லிஸ்ற் இதனை எளிய ஆறுதலாக முடித்துவிடவில்லை. ஆழ்ந்த மணியோசை போன்ற தொடக்கம், சவ ஊர்வல நடை, கண்ணீர் கசியும் மெட்டு என்பவற்றின் பின்னர் இடக்கையின் கனத்த சுரங்கள் குதிரைப் பாய்ச்சலாகச் சீறி எழுகின்றன. வழிபாட்டினுள் சினத்துக்கும் இடமளிக்கப்பட்டுள்ளது. இறுதியில் இசை சட்டென அடங்கி, சில ஒற்றைச் சுரங்களோடு அறுந்துபோகின்றது. ஆமென் என்று சொல்லத்தக்க முடிவு அங்கில்லை.

1914 முதல் 1917 வரை ராவெல் இயற்றிய ஆறு பியானோப் படைப்புகளை இங்கு ஒப்புநோக்கலாம். உலகப் போரில் மாண்டோரின் பெயர்கள் அவற்றில் வெளிப்படையாகப் பொறிக்கப்பட்டன. அங்கு வழிபாடு இல்லை. அவற்றுட் பாதி பழைய நடன வடிவங்கள். ராவெல் வெர்டன் போர்முனையில் வாகனம் ஓட்டியவர். பெயர் சொல்லி அழைக்கும் உரிமை அவருக்கு இருந்தது. லிஸ்ற் எப்பெயரையும் அச்சிடவில்லை. தொகுதி முழுவதும் அவர் விரும்பிய இளவரசிக்கே காணிக்கையாயிற்று. இறந்தோருக்கு ஒரு மாதமும் ஓர் ஆண்டுமே கிடைத்தன. இது கோழைத்தனம் எனக் கொள்வோர் இருக்கலாம். களத்தில் நில்லாத ஒருவர் இறந்தோரின் பெயர்களைத் தம் படைப்புக்கு அணியாக்காது விட்டது நாணத்தின்பாற்பட்டது எனக் கொள்வதே பொருத்தமுடையது.

அதே மாதம் 17 ஆம் திகதி ஷோப்பான் பாரிஸில் இறந்தார். இடக்கையின் அந்தப் பாய்ச்சல் அவருடைய பொலனேஸ் ஒன்றை நினைவூட்டுவதால், இவ்விரங்கல் அவருக்குரியது என்றே கேட்போர் பலர் கொண்டனர்.